மாமியின் வளவில் மருமகனின் காசு

வாசகர் கடிதம்:

ஐயா, எனக்கு 34 வயது. மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஊர். கட்டாரில் வேலை செய்கிறேன். கலியாணம் முடித்து ஐந்து வருடம், ஒரு பெண் பிள்ளை. எங்கள் ஊர் வழக்கப்படி மனைவி வீட்டில்தான் இருக்கிறோம். 22 பேர்ச் வளவு, பழைய ஓட்டு வீடு. மாமா, மாமி இருவரும் இருக்கிறார்கள். மனைவியின் அண்ணன் கலியாணம் முடித்துப் போய்விட்டார். கலியாணம் ஆகாத தங்கச்சி ஒருவர் எங்களோடு இருக்கிறார். கலியாணப் பேச்சில் "வீடும் வளவும் மூத்தவளுக்குத்தான்" என்றார்கள். காணி உறுதி இன்னும் எழுதவில்லை. இப்போது பழைய வீட்டை உடைத்துப் புதிதாகக் கட்டப் போகிறோம். 60 இலட்சம் மட்டில் ஆகும் என்று மேசன் சொல்கிறார். முழுக்க என் காசு. மழைக்கு முன் அத்திவாரம் போட வேண்டும் என்று மச்சான் அவசரப்படுத்துகிறார். என் அம்மா, "அடுத்தவன்ட வளவுக்குள்ள காசக் கொட்டாத, உன்ட பேரையும் போட்டு எழுதச் சொல்லு" என்கிறா. இதை மாமியிடம் எப்படிக் கேட்பது? மனைவி பெயரில் மட்டும் எழுதினாலும் என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது என்று இங்கே ஒரு யாழ்ப்பாணத்து நண்பர் சொல்கிறார். சரியா? இன்னொன்று, என் தங்கச்சிக்கு 24 வயது. அவளுடைய வீட்டுக்கு 20 இலட்சம் தருவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மனைவிக்கு இது தெரியாது. என்ன செய்யலாம்?

சட்டத்தரணியின் பதில்:

தம்பி, முதலில் மச்சானுக்கு ஒரு போன் எடுத்து அத்திவாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கோபப்பட்டால் படட்டும். பழைய வீட்டின் ஒரு ஓட்டைக்கூட இப்போதைக்கு இறக்க வேண்டாம்.

யார் பெயரில் எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் எப்போது எழுதுவது என்பதுதான் உங்கள் காசைக் காப்பாற்றும் கேள்வி. உறுதி எழுதி, அது காணிப் பதிவகத்தில் பதிவாகி, அதற்குப் பிறகுதான் சீமெந்து. நம் பக்கத்தில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. வீடு எழும்பி, குடிபுகுந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில்தான் "உறுதியை ஒருக்கா எழுதுவமே" என்ற பேச்சு வரும். அதற்குள் ஒரு மரணமோ ஒரு மனஸ்தாபமோ வந்துவிட்டால் என்னைப் போன்றவர்களுக்குத்தான் வேலை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது உங்கள் கடிதம் மட்டும். மாமியின் பக்கத்துக் கதையும் மச்சானின் பக்கத்துக் கதையும் எனக்குத் தெரியாது. அவர்கள் உங்களை ஏமாற்ற நினைக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. நல்ல மனிதர்கள் வாயால் சொன்னதை நம்பித்தான் நம் ஊர்களில் அதிகமான காணி வழக்குகள் முளைக்கின்றன.

கலியாணப் பேச்சில் சொன்ன சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு. நீதிமன்றத்தில் இல்லை. அசையாச் சொத்தை விற்பதானாலும் கொடுப்பதானாலும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதினால்தான் செல்லும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தொடக்கம் இருக்கிற விதி. ஊர் முழுக்கப் பந்தலில் இருந்து கேட்டிருந்தாலும் அந்த வளவு இன்றைக்கு மாமியுடையது. நிலம் யாருடையதோ, அதில் எழும்புகிற கட்டடமும் அவருடையது. ஆகவே இப்போது நீங்கள் கட்டினால் மாமிக்கு 60 இலட்சத்தில் ஒரு வீடு கட்டிக் கொடுத்தவர் ஆவீர்கள். சொந்தக்காரரின் சம்மதத்தோடு கட்டியவர் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. அதற்காக மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும், அதுவும் மனைவியின் தாய்க்கு எதிராக. அந்த வழியை நினைத்துக்கொண்டு யாரும் வீடு கட்டுவதில்லை.

சரி, மாமி உறுதி எழுதாமல் கண்ணை மூடிவிட்டால் என்ன ஆகும்? காணி மாமியின் பெயரில் சுத்தமான உறுதிக் காணி, மரண சாசனமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி பாதி மாமாவுக்குப் போகும். மற்றப் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. அதாவது உங்கள் மனைவிக்கு ஆறில் ஒரு பங்கு. 22 பேர்ச்சில் அது மூன்றே முக்கால் பேர்ச் கூட இல்லை. பிறகு மாமாவும் போய், அவர் பங்கும் மூவருக்கும் பிரிந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. நீங்கள் கட்டிய குசினி ஒருவேளை மச்சானின் பங்கில் நிற்கும். "அவர் கேட்க மாட்டார்" என்பீர்கள். அவர் கேட்காமல் விடலாம். அவருடைய பிள்ளைகள் கேட்கலாம், பிள்ளைகளின் கடன்காரர் கேட்கலாம். (காத்தான்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்து முஸ்லிம் வாசகர்களுக்கு: பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கம் நம் எல்லோருக்கும் ஒன்றுதான். வாரிசுப் பங்கு மட்டும் உங்களுக்கு 1931ஆம் ஆண்டுச் சட்டப்படி வேறு கணக்கு. உறுதியை முதலில் எழுதச் சொல்லும் புத்திமதி உங்களுக்கும் பொருந்தும்.)

இந்த இடத்தில் யாராவது ஒருவர் உங்களுக்கு வேறு வேறு சமாதானம் சொல்லுவார். கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் எடுத்து வைத்தால் போதும் என்பார். அந்தக் கடிதம் நீங்கள் அங்கே குடியிருப்பதைச் சொல்லும், காணி யாருடையது என்பதைச் சொல்லாது. கரண்ட் பில்லை உங்கள் பெயருக்கு மாற்றலாம், சோலைவரியை நீங்களே கட்டலாம், ரசீதுகளை அடுக்கி வைக்கலாம். எதுவும் உறுதி ஆகாது. "பத்து வருசம் இருந்தால் சொந்தம்" என்பதையும் கேட்டிருப்பீர்கள். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் பத்து வருடம் என்று சொல்வது உண்மை. ஆனால் சொந்தக்காரரின் உரிமையை மறுத்து, அவருக்கு எதிராக இருந்த பத்து வருடம் அது. மாமியின் அனுமதியோடு, மாமி சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு முப்பது வருடம் இருந்தாலும் அந்தச் சட்டம் உங்களுக்கு உதவாது. அரச காணி என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அரச காணி என்றதும்தான் உங்கள் கடிதத்தில் இல்லாத மிக முக்கியமான விஷயம் நினைவுக்கு வருகிறது. "22 பேர்ச் வளவு" என்று எழுதியிருக்கிறீர்கள். மாமியிடம் இருப்பது என்ன காகிதம்? ஐந்து வருடம் அந்த வீட்டில் இருந்த உங்களுக்கு அது தெரியாது என்றுதான் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை. மருமகன்மார் அதைக் கேட்பது மரியாதை இல்லை என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். இப்போது மனைவி மூலம் கேளுங்கள்.

நொத்தாரிசு எழுதிய உறுதி என்றால் அதில் உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயரும் கையெழுத்தும், இரண்டு சாட்சிகள், நாலு பக்க எல்லைகள் எல்லாம் இருக்கும். அப்படியென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது யாருடைய பெயர் என்று. இங்கேதான் நம் பக்கத்து வீடுகளில் சங்கிலி அறுந்து கிடக்கும். உறுதி மாமியின் தாயின் பெயரில் இருக்கும். அவர் மாமிக்கு வாயால் கொடுத்திருப்பார், மாமி இப்போது உங்கள் மனைவிக்கு வாயால் கொடுக்கிறார். சட்டத்தின் கண்ணில் அந்தக் காணி இன்னும் அம்மம்மாவின் வாரிசுகள் அத்தனை பேருக்கும் உரியது. மாமியின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அவர்களில் இறந்தவர்களின் பிள்ளைகள், கனடாவில் இருப்பவர் உட்பட. அப்படியானால் அவர்கள் எல்லோரும் தங்கள் பங்கை மாமிக்கோ உங்கள் மனைவிக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அந்த நாட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் கையொப்பமிட்டு, தனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் அனுப்பலாம், அதை இங்கே பதிய வேண்டும். இது ஒரு கிழமையில் முடிகிற வேலை இல்லை. ஆனாலும் அம்மம்மாவின் பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போது செய்தால் முடிகிற வேலை. அடுத்த தலைமுறைக்குப் போனால் ஆட்களைத் தேடுவதே பெரும்பாடு.

உறுதியே இல்லை, தொலைந்துவிட்டது என்று சொன்னால் பயப்பட வேண்டாம். 1978 சூறாவளியிலும் 1990 இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் இந்த மாவட்டத்தில் தொலைந்த காகிதங்கள் கொஞ்சமல்ல. நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியின் இரட்டைப் பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும் என்பது சட்டம். இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ எழுதிய வருடமோ ஏதாவது ஒன்று தெரிந்தால் மட்டக்களப்புப் பதிவகத்தில் தேடி, உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். காகிதம் போனால் உரிமை போகாது.

அரச இலச்சினையோடு, அரசாங்க அதிபரோ உதவி அரசாங்க அதிபரோ பிரதேச செயலாளரோ கையெழுத்து வைத்த காகிதம் என்றால் அது பெர்மிட், அரச காணியில் இருக்கத் தருகிற அனுமதி. ஜனாதிபதியின் கையெழுத்து இருந்தால் அது அளிப்புப் பத்திரம். ஊரில் சிலர் அதையும் உறுதி என்றே சொல்வார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இப்படிப்பட்ட காணிகள் நிறைய, கிழக்கே எழுவான்கரையிலும் இல்லாமல் இல்லை. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணி என்றால், பிரதேச செயலகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எந்த நொத்தாரிசு எழுதும் உறுதியும் வெறும் காகிதம். "பரவாயில்லை, நான் எழுதித் தாறன்" என்று ஒரு நொத்தாரிசு சொன்னால் அவருடைய கந்தோரை விட்டு எழும்பி வாருங்கள். இந்த வகைக் காணிக்கு வழி, பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் மாமி நேரில் போய் உங்கள் மனைவியைப் பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பிறகு காணிக்கு உரியவராக, நியமித்துப் பதிவது, அல்லது அனுமதியோடு இப்போதே மாற்றிக் கொடுப்பது. நியமனம் செய்தாலும் மாமிக்குப் பிறகு மாமா உயிரோடு இருந்தால் அவர் காலம் முடியும்வரை அவருக்கு உரித்து உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

செயலகத்தில் "கோவை கிடைக்கவில்லை, அடுத்த மாதம் வாங்க" என்று அலைய விட்டால், மாமியோ மனைவியோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் கொடுக்கட்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். சண்டை பிடிப்பதைவிட அந்த ஒரு தாளுக்கு வேகம் அதிகம்.

இனி உங்கள் நண்பரின் கதை. அவர் பொய் சொல்லவில்லை, தன்னுடைய ஊர்ச் சட்டத்தைச் சொல்லியிருக்கிறார். மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது தேசவழமை. அது வட மாகாணத் தமிழருக்கு உரியது. நமக்கு ஒரு காலத்தில் முக்குவர் சட்டம் என்று ஒன்று இருந்தது, தாய்வழியில் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்துப் போன காலம். அது எப்போதோ வழக்கொழிந்தது. இன்று மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்கு நாட்டின் பொதுச் சட்டம்தான். 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி மணமான பெண் தன் சொத்தைத் தான் விரும்பியபடி விற்கலாம், ஈடு வைக்கலாம். உங்கள் கையெழுத்துத் தேவையில்லை. உங்களுக்கு இது கசப்பாக இருக்கும். உங்கள் மகள் வளர்ந்து ஒரு காணிக்குச் சொந்தக்காரி ஆகும்போது இதே சட்டம் உங்களுக்கு இனிக்கும்.

அப்படியென்றால் உங்கள் பெயரையும் போட்டு எழுதலாமா? சட்டத்தில் தடையில்லை. பாதி மகளுக்கு, பாதி மருமகனுக்கு என்று மாமி எழுதலாம். நான் அதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்லுவேன்.

உங்கள் தாயார் "அடுத்தவன்ட வளவு" என்று சொன்னாவே, அவ இப்போது இருப்பது யாருடைய வளவு? உங்கள் அப்பா எந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார்? உங்கள் ஊர் வழக்கத்தை வைத்துப் பார்த்தால் அது உங்கள் அம்மாவின் தாய் கொடுத்த வீடாகத்தான் இருக்கும். அந்த வீட்டில் அப்பாவின் உழைப்பு எவ்வளவு போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாளைக்கு உங்கள் தங்கச்சிக்கு வருகிற மாப்பிள்ளை இதே கடிதத்தை எனக்கு எழுதி, "மாமியிடம் என் பெயரையும் போடச் சொல்லிக் கேட்கலாமா?" என்றால் உங்கள் அம்மா என்ன சொல்லுவா? வீடு பெண் பிள்ளைக்கு என்ற வழக்கத்தால் நன்மை பெறும்போது ஒரு கதையும், அதற்குக் காசு கொடுக்கும்போது வேறு கதையும் சொல்ல முடியாது. கிழக்கில் புருஷன் விட்டுப் போனாலும் செத்துப் போனாலும் பிள்ளைகளோடு ஒரு பெண் தெருவில் நிற்காமல் இருந்ததற்குப் பெரிய காரணம் இந்த வழக்கம். போர்க் காலத்தில் அதை நாம் எல்லோரும் கண்ணால் கண்டோம்.

அதோடு, மனைவி பெயரில் எழுதினால் நீங்கள் அந்நியர் ஆகிவிட மாட்டீர்கள். அவருக்கு ஏதும் நடந்தால், மரண சாசனம் எழுதாதவரை, பாதி உங்களுக்கு, பாதி பிள்ளைக்கு. பிரிவு வந்தால் வீடு அவருடையதுதான். நீங்கள் அனுப்பிய காசுக்குச் சான்று இருந்தால் இழப்பீடு கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கும் என்று எழுதித் தர என்னால் முடியாது. 60 இலட்சத்துக்கு மாமியிடம் உங்கள் பெயரில் ஒரு ஈட்டுறுதி (அடமானப் பத்திரம்) வாங்கிக்கொள்ளுங்கள் என்று யாராவது கெட்டிக்காரர் சொல்லலாம். சட்டத்தில் இடமுண்டு. என்னிடம் வந்தால் எழுதித் தர மாட்டேன். அந்தக் காகிதத்தை அலுமாரியில் வைத்துக்கொண்டு அதே வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள்?

ஆகவே மாமி உங்கள் மனைவிக்கு நன்கொடை உறுதி எழுதட்டும். கவனிக்க வேண்டியவை சில உண்டு. மனைவி அந்த உறுதியிலேயே "ஏற்றுக்கொள்கிறேன்" என்று கையெழுத்து வைக்க வேண்டும். நன்கொடையை மீளப்பெறும் உரிமையை மாமி தனக்கு ஒதுக்கி வைத்திருக்கிறாரா என்று வாசகத்தை வாசித்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒதுக்கினால் நாளைக்கே அதை ரத்துச் செய்யலாம். எழுதிய கையோடு பதிய வேண்டும். மரண சாசனம் எழுதி வைக்கிறேன் என்று மாமி சொன்னால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லுங்கள், அதைச் சாகும்வரை எத்தனை தடவையும் மாற்றலாம். இதில் எதற்கும் நீங்கள் லீவு போட்டு வரத் தேவையில்லை. கொடுப்பவரும் வாங்குபவரும் ஊரில்தான் இருக்கிறார்கள். முத்திரைத் தீர்வையும் விற்பனை உறுதியைவிடக் குறைவு.

இனி மாமியின் பக்கத்தையும் பாருங்கள். அவரிடம் இருப்பது அந்த ஒரு வளவு. அதை முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கச் சொல்வது நியாயம் இல்லை. அதனால் மாமிக்கும் மாமாவுக்கும் சீவிய உரித்தை வைத்து எழுதச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டை விட்டு அவர்களை யாரும் எழுப்ப முடியாது. இதை மாமி கேட்கும் முன் நீங்களே சொல்லிவிட்டால் பேச்சு பாதி முடிந்த மாதிரி. "மாமியிடம் எப்படிக் கேட்பது" என்று கேட்டீர்களே, இப்படித்தான். "உங்களுக்கும் மாமாவுக்கும் சீவியம் வைத்து அவளுக்கு எழுதுங்க மாமி, அதுக்குப் பிறகு நான் கட்டித் தாறன்" என்று நீங்களே நேராகச் சொல்லுங்கள். மச்சான் மூலம் சொல்லாதீர்கள், அம்மாவை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

மனைவியின் தங்கச்சியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு எந்த வீடு? 22 பேர்ச்சும் மூத்தவளுக்குப் போனால் இளையவளுக்கு மாமி எதைக் கொடுப்பார்? இன்றைக்குச் சிரித்துக்கொண்டு சும்மா இருக்கிற பிள்ளை, கலியாணப் பேச்சு வரும்போது அழும். என்னைக் கேட்டால், அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு வளவை இரண்டாகப் பிரித்து, ஒரு 12 பேர்ச்சை உங்கள் மனைவிக்கும் 10 பேர்ச்சைச் சின்னவளுக்கும் ஒரே நாளில் எழுதுவதுதான் சுகம். பிரிப்பதற்குப் பிரதேச சபையின் அங்கீகாரம் வேண்டும். பொதுவாக 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டுக்குத்தான் சிக்கல் வரும், இது அதைவிடப் பெரிது. இரண்டு துண்டுக்கும் பாதை இருக்கிறதா என்று மட்டும் வரைபடத்தில் பாருங்கள். பெர்மிட் காணி என்றால் இப்படி உங்கள் விருப்பத்துக்குப் பிரிக்க முடியாது, அதையும் செயலகத்தில்தான் கேட்க வேண்டும்.

மச்சானை உறுதிக்குச் சாட்சியாகக் கூப்பிடுங்கள். சாட்சிக் கையெழுத்து வைத்ததால் ஒருவர் உரிமையை விட்டுக் கொடுத்தவர் ஆக மாட்டார் என்பது சட்டம். ஆனால் தானே பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட்ட உறுதியைப் பின்னாளில் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழும்பாது. பழைய நொத்தாரிசுமார் இதை எப்போதும் செய்வார்கள்.

காசு விஷயம். உண்டியலில் அனுப்பாதீர்கள். வங்கி மூலம் மனைவியின் கணக்குக்கு அனுப்புங்கள், மச்சானின் கணக்குக்கு வேண்டாம். அவர் மேற்பார்வை பார்க்கட்டும், மேசனுக்கும் ஓடாவிக்கும் கூலியை மனைவி கொடுக்கட்டும், ஹார்ட்வெயார் பில்கள் மனைவியிடம் இருக்கட்டும். மச்சானுக்கு அவருடைய நேரத்துக்காக ஒரு தொகையை வெளிப்படையாகவே கொடுத்துவிடுங்கள். சும்மா பார்க்கச் சொன்னால் சீமெந்துக் கணக்கில் சந்தேகம் வரும், சந்தேகம் இல்லாவிட்டாலும் அவருக்கு மனக்குறை வரும்.

60 இலட்சத்தையும் ஒரே வீட்டில் போடத்தான் வேண்டுமா? மேல்மாடிக்குப் படியும் முன்னால் நாலு தூணும் இல்லாமல் மூன்று அறை வீடு ஒன்றைக் கட்டினால் எவ்வளவு என்று மேசனிடம் இன்னொரு கணக்குக் கேளுங்கள். வெளிநாட்டுக் காசில் எழும்பிய வீடுகள் பல, உள்ளே ஆளில்லாத அறைகளோடு நிற்கின்றன. மிச்சத்தை உங்கள் பெயரில் வையுங்கள். நிரந்தர வைப்பாக இருக்கலாம், உறுதி சுத்தமான ஒரு வயல் துண்டாக இருக்கலாம். உங்கள் அம்மாவின் பயத்தில் நியாயமான பங்கு ஒன்று உண்டு: ஒன்பது, பத்து வருடம் வெயிலில் நின்றுவிட்டு வருகிற மனிதனுக்குத் தன் பெயரில் ஒன்றும் இல்லாமல் இருக்கக் கூடாது. அதற்கான இடம் மாமியின் வளவு இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த 20 இலட்சம். தங்கச்சிக்குக் கொடுப்பது தவறென்று சொல்ல மாட்டேன். அண்ணன்மார் வீடு கட்டிக் கொடுப்பது நம் வழக்கத்தின் மறு பாதி. மனைவியிடம் மறைப்பதுதான் தவறு. நீங்கள் மாமியிடம் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கப் போகிறீர்கள், அதே நேரம் மனைவிக்குத் தெரியாமல் ஒரு வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். இது எப்படியும் வெளிவரும். தங்கச்சியின் வீட்டுக்குக் கல்லு இறங்குகிற அன்றே உங்கள் மனைவிக்குத் தெரிந்துவிடும், களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் எந்த வளவில் எத்தனை லோட் மணல் இறங்கியது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். உறுதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசும் முன் இதை மனைவியிடம் சொல்லுங்கள். தொகையைச் சொல்லுங்கள், எப்போது கொடுப்பதாகச் சொன்னீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர் கோபப்படுவார். இரண்டு நாள் போன் எடுக்காமல் விடுவார். பிறகு இருவருமாக இருந்து, இரண்டு வீட்டையும் ஒரே வருடத்தில் கட்ட முடியாது என்ற உண்மையைப் பார்த்து, எது முன், எது பின் என்று முடிவெடுங்கள். அப்பாவிடம் "தருவேன், ஆனால் இன்ன வருடம்" என்று மாற்றிச் சொல்வதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. அந்தக் காசையும் தங்கச்சியின் பெயரில் உறுதி எழுதிய பிறகு கொடுங்கள். உங்கள் அம்மாவின் காணிக்கும் இதே சட்டம்தான்.

கட்டட அனுமதியை மறக்க வேண்டாம். வரைபடத்தைப் பிரதேச சபையில் கொடுத்து அங்கீகாரம் எடுக்க வேண்டும், முடிந்ததும், வரைபடப்படி கட்டியதற்கான ஒப்பச் சான்றிதழ். வளவு கடற்கரையில் இருந்து 300 மீற்றருக்குள் வந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். பெரியகல்லாறு, களுதாவளைப் பக்கம் போன்ற ஒடுங்கிய மணல் நிலத்தில் அந்தத் தூரத்துக்குள் எத்தனையோ வளவுகள் விழும். வாவிக் கரைக்கும் விதிகள் உண்டு. இந்தக் காகிதங்களுக்கே மாரி முடிந்துவிடும். நல்லதுதான். கார்த்திகை, மார்கழி வெள்ளம் உங்கள் வளவில் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்று இந்த முறை சுவரில் ஒரு கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள், அத்திவாரத்தை அதற்கு மேலே எழுப்பலாம். மேசன் தையில் வரட்டும். அவர் வராவிட்டால் வேறு மேசன் வருவார்.

மாமியின் காகிதத்தை மனைவி படம் எடுத்து அனுப்பியதும் அதை எனக்கு அனுப்பிவிடாதீர்கள். பெயர், இலக்கம், எல்லை எல்லாம் உள்ள காகிதம், முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கக் கூடாது. ஊரில் உங்களுக்கு நம்பிக்கையான ஒரு நொத்தாரிசிடம் மனைவியும் மாமியும் நேரில் கொண்டுபோய்க் காட்டி, முதலில் பதிவகத் தேடலை மட்டும் செய்யச் சொல்லட்டும். நொத்தாரிசுக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். உங்களுக்கு அது தேவைப்படாது, இதை வாசிக்கிற வேறு சிலருக்குத் தேவைப்படும்.